மாப்பிள்ளைக்கு, சேற்றில் வழுக்காத காலணி குறித்து

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்த மாமனார் தன் கைப்பட எழுதுவது. இங்கே நானும் தங்கள் மனைவியும் சுகம், என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர. அது ஏன் என்பது கீழே வரும். அங்கே தாங்களும், தாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் பாலமும், அதில் வேலை பார்க்கும் எல்லோரும் உறுதியாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

"தன் கைப்பட" என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். நூலகத்து மாடியில் நடக்கும் முதியோர் வகுப்பில் பதினான்கு மாதம் பெஞ்சு தேய உட்கார்ந்து கற்றது. இந்த எழுத்தில் ஒன்றுகூட இன்னொருவர் போட்டதில்லை. மேலே உள்ள முதல் பத்தியை எழுதக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆயிற்று. எழுதி முடித்ததும் அதையே நான்கு முறை படித்தேன். நன்றாக இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் தாங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பீர்கள். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கும். கடிதத்தில் அது நடக்காது. மேலும், உங்கள் அத்தை இருந்தவரை வீட்டுக்கு வரும் கடிதத்தையெல்லாம் அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். போன மாதம் பெட்டியைத் திறந்து அவற்றையெல்லாம் நானே ஒவ்வொன்றாகப் படித்தேன். அவளுக்குப் பிடிக்காத வரியைப் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. கல்யாணமான புதிதில் நீங்கள் எழுதிய கடிதத்தில், "மாமாவின் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அடுத்த முறை விடுதியில் தங்கிக்கொள்கிறோம்" என்று இருக்கிறது. அவள் எனக்குப் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில், "மாமாவின் அன்பை மறக்க முடியாது" என்று இருந்தது. பரவாயில்லை. நான் ஒன்றும் நினைக்கவில்லை.

இன்றைக்கு இவ்வளவுதான். விரல் வலிக்கிறது.

இது மறுநாள். விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மலையடிவார ஓட்டம். எட்டுக் கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் சேறு, நடுவில் இரண்டு ஓடை. போன வருடம் முதல் ஓடைக்கு இறங்கும் சரிவில் தங்கள் மனைவி வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இனிமே ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் அங்கேதான் நின்றேன். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

காரணம் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், வாசல் பக்கம் கிடந்த தன் பழைய ஓட்டக் காலணியை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். "ஏம்மா அங்க வெக்கிற?" என்றேன். "இனிமே அது எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை, அவள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறைய ஆட்களை அவரவர் போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறவள். அவள் தனக்காகப் போகிற இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த ஒரு மணி நேர ஓட்டம்தான். அதை முடித்து வீட்டுக்குள் வரும்போது முழங்கால்வரை சேறாக இருக்கும், முகம் மட்டும் பளபளவென்று இருக்கும். அந்த முகத்தைத் துணியில் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றி மேலே வைத்ததைப்போல எனக்கு இருந்தது.

அவள் போனதும் நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினேன். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு வருடம், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறையில் வேலை செய்தவன் நான். லாரி, டிராக்டர், பஸ், எதன் டயர் என்றாலும் அடியைப் பார்த்தே அது எந்தச் சாலையில் ஓடியது, ஓட்டியவன் பறக்கிறவனா, பயந்து பிரேக் போடுகிறவனா என்று சொல்லிவிடுவேன். இந்தக் காலணி தார் ரோட்டுக்குச் செய்தது. அடியில் புடைத்து நிற்கும் பட்டன் எல்லாம் கடுகளவு உயரம்தான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் போன வருடத்துச் சேறு இன்னும் அப்பிக்கொண்டு காய்ந்து கிடந்தது. சேறு இடைவெளியை அடைத்துவிட்டால் அப்புறம் அது மொட்டை டயர்தான், புதிதாக இருந்தாலும் மொட்டைதான். அதாவது அன்றைக்கு விழுந்தது உங்கள் மனைவி அல்ல. இந்த ரப்பர்தான் விழுந்தது, அவள் அதற்கு மேலே நின்றுகொண்டிருந்தாள். டயர் சரியில்லை என்றால் டயரை மாற்றுவோம். வண்டியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் பூட்டுவோமா? நீங்கள் இன்ஜினியர். யோசித்துப் பாருங்கள்.

அவளுக்குச் சொல்லாமல் சரியான காலணியை நானே வாங்குவது, வாங்கி நானே சோதித்துப் பார்ப்பது, அதன் பிறகு உங்களிடம் பேசுவது என்று முடிவுசெய்தேன். சோதிப்பதில் சிரமமில்லை. மற்றதெல்லாம் அவளுக்கு அம்மா ஜாடை என்றாலும், பாதம் மட்டும் என்னுடையது. நீளம், அகலம், கட்டைவிரல் வளைவு எல்லாம் ஒன்று. உங்கள் அத்தை இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாள்.

இங்கே நிறுத்துகிறேன். நாளைக்கு வகுப்பு இருக்கிறது. மறுநாள் தொடருவேன்.

கடைக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடை, இரண்டு மாடி. கண்ணாடி போட்ட ஒரு விற்பனைப் பெண் வந்தாள். "யாருக்கு சார்?" என்றாள். "என் மகளுக்கு. சேத்துல ஓடணும்" என்றேன். "ஏன் சார், ஊருல வேற எடமே இல்லையா?" என்றாள். பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருந்தாலும் நல்ல பெண். வரிசையாகப் பெட்டிகளை இறக்கினாள். இங்கேதான் மாப்பிள்ளை, நான் ஒரு தப்பு செய்தேன். பெட்டியின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் "தண்ணீர் புகாது" என்று அச்சடித்திருந்தது. நான் அதை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். படித்த சந்தோஷத்தில் அதை அப்படியே நம்பிவிட்டேன். வாழ்நாள் முழுக்க ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தே வாங்கியவன், அன்றைக்கு விரலைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணால் வாங்கினேன். "வேற பாக்கறீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "எழுதியே போட்டிருக்காங்களேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் குளியலறைத் தொட்டியில் கணுக்காலுக்குமேல் தண்ணீர் பிடித்து, காலணியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எழுதியிருந்தது உண்மைதான். துணி வழியாக ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் கால் நுழைகிற வாய் வழியாகக் குபுகுபுவென்று வந்து நிறைந்துவிட்டது. நிறைந்தது வெளியே போகவில்லை. கூடத்தில் பத்து முறை நடந்தேன், சளக் சளக் என்று சத்தம்தான் வந்ததே தவிர, தண்ணீர் உள்ளேயேதான் இருந்தது. இரண்டு காலிலும் ஒவ்வொரு செம்பு சுமந்துகொண்டு ஓடுவதைப்போல. புகாது என்று எழுதியவர், புகுந்தால் போகாது என்பதை எழுதவில்லை.

மறுநாள் அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் பார்த்துவிட்டு, "சார், நனைஞ்சிருக்கே" என்றாள்.

"நனைஞ்சுதான் இருக்கு. தண்ணி புகாதுன்னு போட்டிருந்தீங்க. புகுந்துச்சு."

"எந்த வழியா புகுந்துச்சு?"

"கால் போற வழியாத்தான்."

"அந்த வழியையும் அடைச்சுட்டா கால எங்க சார் வெப்பீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "சார், இது தூறலுக்கு நல்லது, ஈரப் புல்லுக்கு நல்லது. ஓடையில எறங்குறவங்களுக்கு இது ஆகாது. அவங்களுக்கு வலை மாதிரி இருக்கணும். தண்ணி வரும், வந்த வேகத்துல போயிடும். நான் அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் சீட்ட வாசிச்சுட்டு சிரிச்சுக்கிட்டே கெளம்பிட்டீங்க."

அவள் இன்னொரு ஜோடி கொண்டுவந்தாள். இந்த முறை நான் பெட்டியைப் பார்க்கவே இல்லை, கவிழ்த்து வைத்துவிட்டேன். அடியைப் பார்த்தேன். மாப்பிள்ளை, என்ன அழகு! டிராக்டரின் பின்சக்கர டயரைச் சுருக்கிக் காலில் மாட்டியதைப்போல இருந்தது. பட்டன் ஒவ்வொன்றும் அரை விரல் நகம் உயரம், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி, முன்பக்கத்தில் உள்ளவை ஏறுவதற்கு ஒரு பக்கமாகவும், குதிகாலில் உள்ளவை இறங்கும்போது பிடிப்பதற்கு எதிர்ப்பக்கமாகவும் திரும்பி நின்றன. அப்படி இருந்தால்தான் காலைத் தூக்கும்போது சேறு தானாகவே உதிரும். நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்து மெல்ல எழுந்தது. ஈரப் பாறையில் பிடிப்பதற்கு அந்த இளக்கம் வேண்டும். சீக்கிரம் தேயும், தேயட்டும், எலும்பு தேய்வதைவிட ரப்பர் தேய்வது மேல். குதிகால் அசையவில்லை. முன்னால் கட்டைவிரலுக்கு ஒரு விரல் இடம் இருந்தது, இறக்கத்தில் நகம் இடிக்காது. கயிற்றுக்கு அடியில் உள்ள நாக்கை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருந்ததால் பொடிக்கல் உள்ளே போக வழியில்லை.

"தண்ணி போயிடுமா, நிச்சயமா?" என்றேன். அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் குடிதண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "மொதலாளி வர்றதுக்குள்ள ஊத்துங்க சார்" என்றாள். ஊற்றினேன். காலணியின் இரண்டு பக்கமும் தண்ணீர் சல்லடை மாதிரி ஒழுகி, தரையெல்லாம் ஓடி, ஒரு ஜோடி செருப்புக்கு முன்னால் போய் நின்றது. அந்தச் செருப்புக்குள் முதலாளி இருந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க? கடையா, கொளமா?" என்றார். நான்தான் பதில் சொன்னேன்: "ஐயா, நான் டயர்க்காரன். நாப்பத்தோரு வருசத்துல இந்த மாதிரி ஒரு அடி நான் பாத்ததில்ல. உங்க கடைச் சரக்குதான், வந்து பாருங்க." அவர் குனிந்து பார்த்தார். பிறகு அவரே இன்னொரு பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி ஊற்றிப் பார்த்தார். நான் கிளம்பும்போது அடுத்த வாடிக்கையாளருக்கு ஊற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். விற்பனைப் பெண் தரையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து முறைத்தாள்.

இன்று ஆறாம் நாள். முழங்கால் விஷயம் வருகிறது.

சேற்றில் சோதிக்க வேண்டுமே? எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தில், செடிக்கு வைத்திருந்த மண்ணைக் கொட்டிக் குழைத்துப் பத்தடி நீளத்துக்கு ஒரு சேற்றுப் பாதை செய்தேன். நடுவில் இரண்டு கல் வைத்து, பாசிபிடித்த பக்கத்தை மேலே திருப்பினேன். தங்கள் மனைவி டூட்டியில் இருந்தாள். முதலில் நடந்தேன். அப்புறம் வேகமாக நடந்தேன். அப்புறம், எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஓடினேன். கடைசியாக எப்போது ஓடினேன் என்று ஞாபகமில்லை. யாராவது துரத்தியிருந்தால்தான் உண்டு. வழுக்கவே இல்லை மாப்பிள்ளை! சேற்றைக் கடித்துப் பிடித்து, விடும்போது சுத்தமாக விட்டது. பன்னிரண்டு முறை ஓடினேன். மேல்மாடியில் துணி உலர்த்திய ஒரு அம்மா எண்ணிச் சொன்னார்.

சத்தம் கேட்டுக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். அவர் காலில் அடி வழவழப்பான தோல் ஷூ. "பெரியவரே, என்ன இது? வயசுக்குத் தகுந்த மாதிரி..." என்று தொடங்கி ஓர் அடி வைத்தார். பேச்சு நின்றுவிட்டது, அவர் மட்டும் போய்க்கொண்டே இருந்தார். பிடிக்கப் போனேன், என்னையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் வலது முழங்கால் அப்போது கல்லில் இடித்ததுதான். அவருக்கு அடி ஒன்றும் இல்லை, சட்டைதான். ஆனால் பாருங்கள், ஒரே சேறு, ஒரே இடம், ஒரே நேரம். தோல் ஷூ போன தூரம் ஆறடி, என் காலணி தானாக நகரவே இல்லை. இதைவிட நல்ல ஒப்பீடு எந்தப் பரிசோதனைச் சாலையில் கிடைக்கும்? இதை அவரிடமும் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: "வளாகத்தினுள் வயதானவர்கள் சேறு செய்வது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது." முழுவதையும் நின்று படித்தேன். இந்த வளாகத்தில் சேறு செய்த வயதானவர் நான் ஒருவன்தான். என்னைப் பற்றி ஒருவர் ஊரறிய எழுதியதை நானே படித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வகுப்பு டீச்சரம்மாவிடம் காட்ட ஒரு நகல் கேட்டேன். செயலாளர் கொடுத்தார், என்ன நினைத்தாரோ, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தங்கள் மனைவியிடம் சொல்ல மாட்டேன் என்றும் ஒத்துக்கொண்டார். சேற்றைப் பெருக்கித் தள்ளிவிட்டேன்.

ஒன்பதாம் நாள். இன்னும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால் தேதி போய்விடும். அதனால் ஓட்டச் சங்கத்து அலுவலகத்துக்கு நானே போய் அவளுக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் நிரப்பிய முதல் விண்ணப்பம். பெயர், வயது, முகவரி, ஒவ்வொரு கட்டத்திலும் கோட்டைத் தாண்டாமல் எழுதினேன். அங்கிருந்த குமாஸ்தா வாங்கிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, இது நீங்களேதானா?" என்றார். "நானேதான்" என்றேன். எழுந்து நின்று கைகொடுத்தார். எழுத்தறிவுக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்திருந்தால் முன்பே படித்திருப்பேன்.

ஆகவே மாப்பிள்ளை, நான் கேட்பது இதுதான். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அவள் கையைப் பார்த்துத்தான் நானும் தலையாட்டினேன். ஆனால் பயத்தைப் போக்க அவளை உட்காரவைப்பது ஒரு வழி, நல்ல ரப்பர் போட்டு அனுப்புவது ஒரு வழி. இரண்டாவது வழியில் அவள் முகம் நமக்குத் திரும்பக் கிடைக்கும். அவளைப் போகச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவள் அந்த அலமாரியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவாள்.

வேலையில் தலைக்கவசம் போட மறக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பாலம் நல்லபடியாக முடிந்து, தாங்கள் அதன்மேல் முதலில் நடந்து, நேராக வீட்டுக்கு வந்து சேர வேண்டும். என் எல்லா ஆசீர்வாதமும் தங்களுக்கு. குறட்டைக்கு வேறு அறை ஏற்பாடு செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: பதினோராம் நாள். உறையை ஒட்டும்போது தபால்காரர் வந்தார். ஒரு கடிதமும் ஒரு பெட்டியும். கடிதம் ஓட்டச் சங்கத்திலிருந்து, எனக்கே எனக்கு. பிரித்துப் படித்தேன். "எண் 214. வயது 71. இந்த ஆண்டின் மிக மூத்த ஓட்டக்காரரை வரவேற்கிறோம்" என்று இருந்தது, மேலே என் பெயர். பதினான்கு மாதமாக அதிகம் எழுதிப் பழகியது என் பெயரைத்தான். கட்டத்தைக் கண்டதும் கை தானாக அதையும் என் வயதையும் எழுதிவிட்டிருக்கிறது.

பெட்டி நீங்கள் அனுப்பியது. நான் வாங்கிய அதே காலணி, அதே அடி. தங்கள் மனைவி டூட்டி முடிந்து வந்து இரண்டையும் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மாவுக்கட்டுப் பிரித்த மறுமாதமே நீங்கள் இருவரும் பேசிச் சமாதானமாகிவிட்டீர்களாம், பெயரும் போன மாதமே கொடுத்தாயிற்றாம், புதிது வரப்போகிறது என்றுதான் பழையதை மேலே வைத்தாளாம். "ஒங்ககிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னுதாம்ப்பா சொல்லல" என்கிறாள். ஆகையால் மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் படியுங்கள், பதினோரு நாள் ஆயிற்று.

இப்போது சிக்கல் வேறு. என் பெயரில் வந்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். நான் இரண்டாவதாக வாங்கிய ஜோடி சும்மா கிடக்கிறது. நான் மெதுவாக, ஓடைவரைக்குமாவது போய்வருகிறேன் என்கிறேன். "எழுபத்தோரு வயசுல விழுந்து வெச்சா யாருப்பா பாக்கறது? ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்கிறாள். மாப்பிள்ளை, தாங்கள்தான் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். கடிதமாக எழுதுங்கள். நானே அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். நடுவில் எந்த வரியாவது எனக்குச் சாதகமாக இல்லையென்றால், அதை எப்படித் தாண்டிப் படிப்பது என்று எனக்குத் தெரியும்.